அறுபது மீட்டர் குடுவை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கோகிலவாணியோடு அந்தக் கடலாய்வுக் கப்பலில் போய்வந்த ஷர்மிளா பானு, விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே எனக்குச் சொன்னது. பானுவிடம் சொன்னது வாணி. இரண்டு வாய் தாண்டி வந்திருக்கிறது. ஆகவே வாணியின் மனசுக்குள் ஓடியதாக நான் எழுதுவதில் அவள் சொன்னது எவ்வளவு, பானு சேர்த்தது எவ்வளவு, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் கால் வைத்த எங்கள் எல்லோருக்கும் பொதுவான பயம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட என்னால் ஆகாது. நானே போய்ப் பார்த்து உறுதி செய்துகொள்ள முடிந்தது ஒரே ஒரு விஷயம். அது கடைசியில் வரும்.

வால்வை இறுக்கி மூடிய பிறகுதான் வாணிக்கு அது தோன்றியது. வெள்ளைத் தடத்தைப் பார்த்தேனா? இரண்டு கையாலும் ஏந்தியிருந்த கண்ணாடிக் குடுவை சில்லென்று இருந்தது, மேலே வெயிலில் கொதிக்கும் கடலுக்கு அறுபது மீட்டர் கீழே இருந்து வந்த குளிர்ச்சி, பாதி நிறைந்த தண்ணீர் கப்பலின் ஆட்டத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து நின்றது, அதன் அடியில் இப்போது ஒன்றும் இல்லை, இருந்திருந்தாலும் இப்போது இருக்காது, அதுதான் சிக்கல். கரையில் இருக்கும்போதே ஒவ்வொரு குடுவைக்குள்ளும் ஒரு சொட்டு மெர்குரிக் குளோரைடு கரைசலை விட்டுக் காயவைத்து, பிறகு உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி வெளியேற்றி, வால்வை மூடிப் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். காய்ந்த மருந்து அடியில் உப்புப் பூத்த மாதிரி ஒரு வெள்ளைத் தடமாகத் தெரியும். சில சமயம் சொட்டு குழாய் நுனியிலேயே தங்கிவிடும், விழுந்த மாதிரி இருக்கும், விழுந்திருக்காது. அதனால்தான் தண்ணீர் பிடிக்கும் முன்பு ஒவ்வொரு குடுவையையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கித் தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று ஒரு வழக்கம். பார்த்த பிறகு குடுவையின் கழுத்தில் குழாயை மாட்டி, ஒரு குமிழிகூட நிற்காமல் தட்டித் தட்டி விரட்டி, வால்வைக் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். உள்ளே வெறுமை அல்லவா, குடுவையே கடலை உறிஞ்சும், ஸ்ஸ் என்று, யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுக்கிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தத்துக்கு அவள் புறங்கழுத்து கூசும். தண்ணீர் பட்ட மாத்திரத்தில் வெள்ளைத் தடம் கரைந்துவிடும். பார்த்தவர் பார்த்ததுதான். பார்த்தேனா?

மற்ற ஆழங்களுக்கு எல்லாம் பார்த்தாள், அது நிச்சயம். நிச்சயமா? குடுவையைச் சூரியனுக்கு நேரே தூக்கியதும், கண்ணாடி வழியாக வெயில் விரலில் சுட்டதும், அடியில் சுண்ணாம்பு மாதிரி ஒரு பொட்டு தெரிந்ததும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இந்தக் குடுவையா, இதற்கு முந்தியதா, முந்தின நாள் வேறொரு இடத்தில் எடுத்ததா. எல்லாக் குடுவையும் ஒரே மாதிரி. ஒரே மாதிரியான காரியத்தை ஒரே மாதிரி செய்கிறபோது மனசு எல்லாவற்றையும் ஒன்றாக மடித்து ஒரே ஞாபகமாக வைத்துவிடுகிறது, அதை எடுத்து எந்தக் குடுவைக்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். அறுபது மீட்டர் குடுவையை எடுத்தபோது கம்பிக்கயிறு சுற்றும் வின்ச் பக்கத்தில் இருந்து அதை ஓட்டும் பெர்னார்டு அண்ணன் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் திரும்பிச் சிரித்தாள். என்ன சொன்னார்? “சீக்கிரம் பிடிங்கம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி சுத்திச் சுத்தி நிக்கிய” என்று. அது ஞாபகம் இருக்கிறது, தூத்துக்குடி இழுப்பு உட்பட. சிரித்துத் திரும்பும்போது குழாய் ஏற்கெனவே கையில் இருந்தது. அப்படியானால் குடுவையைத் தூக்கிப் பார்த்தது சிரிப்பதற்கு முன்பா? அல்லது சிரிப்பே அந்த இடத்தை எடுத்துக்கொண்டதா?

“தள்ளுடி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை” என்று பானு தோளால் இடித்துக்கொண்டு அந்த உருளையின் குழாயைத் தன் பக்கம் இழுத்தாள். பெரிய இரும்பு வளையம், அதைச் சுற்றிலும் நீளமான சாம்பல் நிற உருளைகள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில் வாயை மூடிக்கொண்டு தண்ணீரோடு மேலே வரும். வந்ததும் வரிசை கட்டி நிற்பார்கள், வரிசையில் ஆக்ஸிஜன்தான் முதல். உருளையைத் திறந்ததும் வெளிக்காற்று மேலே புகுந்துவிடும், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் தண்ணீரில் கலந்துவிடும், அதனால் வாணி பிடித்த பிறகுதான் பானு அளக்கும் உப்புச் சத்துகளுக்கு, அதன் பிறகுதான் பாசி வடிகட்டுகிறவர்களுக்கு. பிறந்ததில் இருந்து எந்த வரிசையிலும் அவள் முதல் ஆளாக நின்றதில்லை. ரேஷன் கடையில், கல்விக்கடன் கேட்ட வங்கியில், பிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலில். ஆக்ஸிஜனுக்கு வரிசை. அந்த நினைப்பு வரும் என்று தெரிந்துதான் அவள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தாள், வந்துவிட்டது. இப்போது பானு பாட்டிலை மூன்று தடவை அலசி ஊற்றிவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள், உருளைக்குள் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது, மேலே காற்று. இனி இதில் இருந்து இன்னொரு குடுவை பிடிக்க வழியில்லை. “என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? வாந்தி வருதா?” என்றாள் பானு. “இல்ல.” “இல்லன்னா சிரி. நீ நிக்கிற நிலையப் பாத்தா என் தண்ணியே கெட்டுப்போகும்.”

குடுவையை, கடல்நீரைக் கையாளும் ஆய்வறையான வெட் லேபுக்குள் எடுத்துப்போய், கழுத்தில் கடல்நீரை நிரப்பி மூடி போட்டு, நுரைப் பெட்டியின் குழிக்குள் வைத்தாள். மூடவில்லை. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கப்பல் ஓரிடத்தில் நிற்கும்போது எஞ்சின் சத்தம் மாறிவிடும், ஓட்டத்தின் பெரிய இரைச்சல் போய் அடங்கிய ஒரு முனகல். ஓடும்போது அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, மற்றவர்கள் எல்லாம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு புரண்டார்கள், பள்ளிபாளையத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தாலாட்டு. தறி நின்றால்தான் அங்கே எல்லோரும் விழிப்பார்கள். அப்பா செங்கோடன் தூக்கத்தில் இருந்து எழுந்து உட்கார்ந்து “கரண்டு போயிருச்சா சாமி?” என்பார். அவளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார், பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை, அவள் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை முழுப்பெயர் கேட்டதற்குத் தடுமாறிப் போனாராம். சத்தம் நின்றால் விழித்துக்கொள்கிறவர். அந்தக் கடைசி மத்தியானமும் ஏதோ ஒரு சத்தம் நின்றிருக்க வேண்டும், அதைக் கேட்டு விழிக்க வேண்டியவள் அவள்.

வேண்டாம். குடுவையை யோசி. மருந்து இல்லை என்றே வைத்துக்கொள். என்ன ஆகும்? கடல் தண்ணீரை எடுத்து அடைத்துவிட்டால் அது செத்துப்போவதில்லை, கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் கிருமிகளும் கண்ணாடிக்குள்ளும் உயிரோடு மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும், அதனால் எடுத்த நொடியிலேயே அந்த மருந்தால் கொன்றுவிட வேண்டும், அப்போதுதான் அந்த நொடி அப்படியே நிற்கும். முதல் தடவை அந்தச் சொல்லைக் கேட்டபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ‘கொல்லாவிட்டால் உண்மை மாறிவிடும்.’ சரி, மாறுமா? அவள் அளக்கப்போகிற முக்கியமான எண் மாறாது. ஆக்ஸிஜன் எல்லாம் ஒரே எடை இல்லை, பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று மூன்று எடை. வானத்தின் உச்சியில் சூரியனின் கடுமையான ஒளியில் அடிபட்டு அடிபட்டு, காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனில் பதினேழு மட்டும் ஒரு துளி குறைந்திருக்கிறது. கடலுக்குள் பாசிகள் வெளிச்சத்தைத் தின்று தண்ணீரைப் பிளந்து புதிதாக உண்டாக்கும் ஆக்ஸிஜனில் அந்தக் குறை இல்லை. தண்ணீரில் கரைந்திருப்பது பழையதும் புதியதும் கலந்த கலவை. குறை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால், கடல் புதிதாக எவ்வளவு உண்டாக்கியது என்று தெரிந்துவிடும். பாசியைப் பாட்டிலில் அடைத்து வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, தண்ணீரே நடந்ததைச் சொல்லும். இதை அம்மாவிடம் போனில் விளக்கியபோது அம்மா கேட்டாள், “அப்ப கடலு மூச்சு விடுதாங் கண்ணு?” “இல்லம்மா, நாம மூச்சு விடறதுக்குக் கடலு செய்யுது. காத்துல இருக்கறதுல பாதிக்குப் பக்கம் அங்கதான் உண்டாச்சு.” அதற்கு அம்மா ராஜாமணி, “அத்தன செய்யுதுங்கற, உங்கொப்பனுக்கு வேணும்ங்கறப்ப அது எங்க போச்சு?” என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

அந்த எண் மாறாது, ஏனென்றால் உயிர்கள் மூச்சிழுப்பதை அது கணக்கில் எடுக்காத மாதிரித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். உண்டாக்கியதை மட்டும் சொல்லும், தின்றதைச் சொல்லாது. அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா? ஆனால் இன்னொரு எண் இருக்கிறது, ஆர்கான் என்ற வாயுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆர்கானை எந்த உயிரும் தொடாது, அது அப்படியே நிற்கும், அதற்குப் பக்கத்தில் ஆக்ஸிஜனை நிறுத்திப் பார்த்தால், செய்ததில் தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அவள் ஆய்வின் இரண்டாம் பாதி முழுக்க அந்த மிச்சம்தான். மருந்து இல்லாத குடுவை அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். கரைக்குப் போய்ச் சேரும்வரை, இருட்டுப் பெட்டிக்குள், யாருக்கும் தெரியாமல் மூச்சிழுத்துக்கொண்டே இருக்கும். அளக்கும்போது, அறுபது மீட்டரில் கடல் உண்டாக்கியதைவிடத் தின்றது அதிகம் என்று எண் வரும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த ஆழத்தில் அப்படியும் இருக்கக்கூடும். வெளிச்சம் மங்கிக்கொண்டே போய், பாசி இருப்பதிலேயே அடர்த்தியாக நிற்கும் பச்சை அடுக்கு அது, இந்த இடத்தில் அந்த அடுக்கில் இருந்து எடுத்தது இந்த ஒரு குடுவைதான், அங்கே மிச்சம் கூடுதலா குறைவா என்பதுதான் கேள்வியே. பொய் என்று யாருக்கும் தெரியவே தெரியாத பொய். அவளுக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாத ஒன்றை மறைக்கிறாள் என்று யார் சொல்ல முடியும்? சொல்ல யார் இருக்கிறார்கள். அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. ‘சிலிண்டரைத் திறந்தாயா?’ என்று அவளை யாருமே கேட்கவில்லை.

திறந்தேன். திறந்திருப்பேன். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் தாழ்வாரத்தில் பாய் போட்டிருந்தார்கள், சிலிண்டர் மாற்ற ஆள் போதாது, கூட இருப்பவர்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று நீல உடை அக்கா ஒருத்தி எல்லோருக்கும் ஒரே தடவை செய்து காட்டிவிட்டுப் போனாள். பழையதை மூடணும், கழட்டணும், புதுசுல மாட்டணும், சாவியப் போட்டுத் திருப்பணும், கண்ணாடிக் குழாய்க்குள்ள குண்டு மேல ஏறும், குண்டு ஏறினதப் பாத்துட்டுத்தான் முகத்துல மாட்டணும். குண்டு ஏறினதப் பாத்துட்டுத்தான். மத்தியான வெயில் தாழ்வாரத்தின் பாதிவரை வந்திருந்தது. பழையதை மூடியது ஞாபகம் இருக்கிறது. நட்டு வழுக்கி விரல் தோல் உரிந்தது ஞாபகம் இருக்கிறது. முகமூடியை மாட்டும்போது ரப்பர் வார் அவர் காதில் மாட்டிக்கொண்டு, அவர் முகம் சுளித்து, “மெல்லச் சாமி” என்றது ஞாபகம் இருக்கிறது. நடுவில் குண்டு. குண்டு ஏறியதா? அந்தக் குண்டை அவள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஏற்றிப் பார்த்திருக்கிறாள், மனசுக்குள், பேருந்தில், தேர்வு அறையில், பல் விளக்கும்போது, ஏறி ஏறி அதற்கு இப்போது ஒரு நிறமே வந்துவிட்டது, கறுப்பு, ஆனால் மற்ற நோயாளிகளின் குழாயிலும் குண்டு கறுப்புதானே, யாருடையதைப் பார்த்தது?

அதற்கு முந்தின சிலிண்டரிலேயே குண்டு கீழே இறங்குகிற மாதிரி இருந்ததென்று நர்ஸைக் கூப்பிட்டிருந்தாள். முந்தின நாளில் இருந்து நின்றுகொண்டே இருந்தவள் அந்த நர்ஸ், முகக்கவசம் அழுத்தி மூக்கின் மேல் தோல் கன்றியிருந்தது. வந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான இருக்கு. எத்தன வாட்டிம்மா கூப்பிடுவ? இங்க உங்கப்பா மட்டுமா இருக்காரு?” என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர் மட்டும் இல்லைதான். பக்கத்துப் பாயில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், வாணிக்குக் காது சுட்டது, படிச்ச பொண்ணு இப்படிக் கத்தலாமா என்று பார்ப்பது போல் இருந்தது. புதுச் சிலிண்டரை மாட்டிய பிறகு, யாராவது ஒரு தடவை வந்து பார்த்தால் தேவலை என்று தோன்றியது. தோன்றியது, அது நிச்சயம். நர்ஸ் தாழ்வாரத்தின் அந்த முனையில் குனிந்து யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ரெண்டாவது தடவை எப்படிக் கூப்பிடுவது. அப்பா தூங்குகிறார் என்று நினைத்தாள். முகம் தளர்ந்து, பல நாளுக்குப் பிறகு வலி இல்லாத முகம், தூங்கட்டும் என்று முந்தானையால் விசிறினாள். நீல உடை அக்கா வந்து பார்த்துவிட்டு அவள் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. உடனே முகமூடியைக் கழற்றி, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள், வாசலில் ஒருவர் காத்திருந்தார். திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று பார்க்கச் சிலிண்டரே இல்லை. கரைந்துவிட்டது. நோய் முற்றிப்போயிருந்தது, எப்படியும் போயிருப்பார் என்றார்கள். இருக்கலாம். உயிர்கள் மூச்சிழுக்கும்போது லேசான ஆக்ஸிஜனைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று பின்னால் வகுப்பில் படித்தாள், விட்ட மூச்சில் கனமானது கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். படித்த அன்று விடுதிக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவர் கடைசியாக விட்ட மூச்சு கலைந்து போய் எங்கெங்கோ கலந்திருக்கும், காற்றில் இருப்பது கடலில் கரையும், கடலில் இருப்பது காற்றுக்குப் போகும். அதைத் தேடியா இங்கே வந்தாய் என்று கேட்டால், இல்லை, உதவித்தொகை கிடைத்த இடத்துக்கு வந்தேன், அதுதான் உண்மை. ஆனால் ஒவ்வொரு குடுவையும் ஸ்ஸ் என்று மூச்சை இழுக்கும்போது அவளால் அந்தப் பக்கம் பார்க்க முடிவதில்லை. ஒருவேளை அதனால்தான். அறுபது மீட்டர் குடுவையையும் பார்க்காமல் இருந்தாளோ.

மேலே இரும்புத் தளத்தில் காலடிகள். பெர்னார்டு அண்ணன் வளையத்தைத் தாங்கியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார், சங்கிலிச் சத்தம் கேட்டது. கட்டி முடித்தால் கப்பல் கிளம்பிவிடும், தென்கிழக்கில் புயல் சின்னம், கேப்டன் காலையில் இருந்தே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார், இந்த இடத்துக்கு இந்தப் பயணத்தில் திரும்ப வரப்போவதில்லை. எழுந்தாள். உட்கார்ந்தாள். போய் என்ன சொல்வது? மருந்து இல்லை என்று சொன்னால் பொய். தெரியாது என்று சொன்னால், தெரியாது என்பதற்காகவா ஒரு கப்பலை நிறுத்துவது? போன மாதம் கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார், இந்த உதவித்தொகைப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்று. அவளைச் சொல்லவில்லை. அவளைத்தான் சொன்னார். மறுபடியும் எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. குடுவை குழிக்குள் சாய்ந்து சாய்ந்து நின்றது, உள்ளே அவை உயிரோடு இருக்கின்றனவோ செத்துவிட்டனவோ, பார்ப்பதற்கு ஒரே தண்ணீர்.

பயணத்தின் தலைமை விஞ்ஞானி அருள்தாசன் சார் வின்ச் அறையில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார். நாகர்கோவில்காரர், அதட்டாமல் பேசுகிறவர், அதுவே பயமாக இருக்கும். “சார்” என்றாள். “சொல்லும்மா.” “அறுபது மீட்டர் இன்னொரு தடவ எடுக்கணும் சார்.” “ஏன், உடஞ்சிட்டா?” “உடையல சார். மருந்து இருக்கான்னு பாக்காம பிடிச்சிட்டேன்னு நெனைக்கறேன்.” “நெனைக்கறியா, பாக்கலியா?” “பாத்தேனான்னு ஞாபகம் இல்ல சார்.” அவர் டீயைக் கீழே வைத்தார். “நீயே தயார் பண்ணின குடுவை. எத்தனையில ஒண்ணு அப்படி ஆகும்? அபூர்வமா ஆகும். இருக்கும்மா, மருந்து இருக்கும். சந்தேகம்னு குறிச்சு வச்சுக்க, கப்பல் அடுத்து நிக்கிற ஸ்டேஷன்ல கவனமாப் பிடிப்போம். கேப்டன் ஏற்கெனவே என் தலையத் தின்னுட்டு இருக்காரு.” “சரி சார்” என்றாள். சரி சார் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை, தப்பாகவும் சொல்லவில்லை, அபூர்வமாகத்தான் ஆகும். திரும்பிக் கதவு வரை வந்தாள். கதவுக்கு வெளியே வெயில், அந்த வெயிலின் பாதியில் தாழ்வாரம், அந்த முனையில் ஒருத்தி குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை, ஏனென்றால் யாரும் கூப்பிடவில்லை. கதவின் கம்பி உள்ளங்கையில் சுட்டது. கம்பியை விட்டாள்.

“சார்.” அவர் நிமிர்ந்தார். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, கொஞ்சம் சத்தமாக வந்தது. “பாத்தேன்னு என்னால எழுத முடியாது சார். பாக்கலைன்னும் எழுத முடியாது. அந்த ஆழத்துக்கு வேற குடுவை இல்ல. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, போயிடறேன். ஆனா ரெண்டாவது தடவையும் கேக்கறேன்.” பெர்னார்டு அண்ணன் வின்ச் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அருள்தாசன் சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மாட்டினார், அவள் முகத்தைப் பார்த்தார், அதில் என்ன பார்த்தாரோ, சுவரில் இருந்த போனை எடுத்தார். “கேப்டன், ஒரு சின்ன இறக்கம். மேல் அடுக்கு மட்டும். ஆமா, இப்பத்தான். தெரியும். இல்ல, தப்பு எங்களோடது.” போனை வைத்தார். எங்களோடது என்றாரா? என்றார். அது நிச்சயம்.

“அப்ப இன்னைக்கு ஆறின சோறுதான்” என்று பெர்னார்டு அண்ணன் சங்கிலியை அவிழ்த்தார். “யம்மா, அந்தக் குடுவைக்கு ஒரு கருப்புப் பொட்டு வச்சு விடு. கண்ணு பட்டிருக்கும்.” வளையம் மறுபடியும் இறங்கியது, கயிறு தண்ணீரை வெட்டிக்கொண்டு போனது, வெள்ளையாக ஒரு வட்டம் பச்சையாகி நீலமாகி இல்லாமல் போனது. பாசி வடிகட்டுகிறவர்களில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது, விழட்டும். மேலே வந்ததும் அவள்தான் முதல். புதுக் குடுவையைச் சூரியனுக்கு நேரே தூக்கினாள், அடியில் சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளைத் தடம், பார்த்தாள், கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். “பானு, இங்க வா. இது தெரியுதா?” “தெரியுது.” “என்ன தெரியுது?” “வெள்ளையா இருக்குடி.” “நல்லாப் பாரு.” பானு குடுவையை வாங்காமல், அவள் மணிக்கட்டைப் பிடித்துக் குடுவையோடு சேர்த்துத் தன் கண்ணுக்கு நேரே கொண்டுபோனாள். “வாணி. இருக்கு. நான் பாத்துட்டேன். நாளைக்கு நீ கேட்டாலும் பாத்தேன்னு சொல்லுவேன், நாளன்னைக்குக் கேட்டாலும் சொல்லுவேன். புடி.” குழாயை மாட்டினாள், குமிழிகளைத் தட்டி விரட்டினாள், வால்வைத் திறந்தாள். ஸ்ஸ் என்று குடுவை மூச்சை இழுத்தது. இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. தடம் கரைவதைப் பார்த்தாள், ஒரு நொடி பால் போலத் திரிந்து, பிறகு ஒன்றும் இல்லை. அவள் அழுதாள் என்று பானு சொன்னாள். எனக்கு அது தெரியாது. கடல் காற்றில் எல்லோருக்கும்தான் கண்ணில் நீர் வரும்.

கப்பல் கிளம்பி, எஞ்சின் பழைய இரைச்சலுக்கு வந்த பிறகுதான் அவள் பானுவிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இரண்டு குடுவையும் கரைக்கு வந்து சேர்ந்தன. இரண்டாவதை அளந்தார்கள், அந்த எண் அவள் ஆய்வில் இருக்கிறது. முதல் குடுவையையும் கருவியில் வைத்துப் பார்த்துவிடேன், ஆர்கானோடு ஒப்பிட்டால் மருந்து இருந்ததா இல்லையா என்று தெரிந்துவிடுமே என்று பானு சொல்லியிருக்கிறாள். அளந்தால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வாணி வேண்டாம் என்றாளாம். “இதுக்குத் தெரிஞ்சுட்டா அந்தச் சிலிண்டருக்கும் தெரிஞ்ச மாதிரி மனசு நெனச்சுக்கும்டி. இருந்துதுன்னு வந்தாலும் சரி, இல்லைன்னு வந்தாலும் சரி. அது நியாயம் இல்ல.”

இதை எழுதும் முன்பு அந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். குடுவை அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, வாணியின் கையெழுத்தில் ‘சந்தேகம்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. கருவியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இப்போது அளந்தால் தெரியுமா என்று கேட்டேன். அவர் குடுவையை இறக்கி, வால்வைத் திருப்பாமல் விரலால் மட்டும் தடவிப் பார்த்தார். இவ்வளவு காலத்தில் ரப்பர் வளையம் இறுகிப்போய் வெளிக்காற்று உள்ளே கசிந்திருக்கும், இனி அளந்தால் நாம் இந்த அறையில் விடுகிற காற்றுத்தான் தெரியும் என்றார்.